‘ஹேண்ட்’ பதிவின் கீழே ஒரு பெயர்

“‘ஹேண்ட்’ பதிவுக்குக் கீழே என் பேர்தான் வரணும், ஐயா,” என்றேன் தலைமைப் பதிப்பாசிரியரிடம்.

ஆங்கிலம்–தமிழ் அகராதி அலுவலகத்தில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், பெயரை மட்டும் கேட்கக்கூடாது. நான் சேர்ந்த அன்றே மெய்ப்புத் திருத்தும் அக்கா சொல்லிவைத்திருந்தார்: “ஃபேன் கேளு, லீவு கேளு. பேரைக் கேட்டே, தொலைஞ்சே.”

பெரிய சொற்களுக்குக் கீழே எழுதியவர் பெயரைப் போடுவது இங்கே வழக்கம். நாலு மணிக்கு அச்சகத்துக்குப் போகிற தாளிலோ தலைமைப் பதிப்பாசிரியரின் மருமகன் பெயர் இருந்தது. அந்த ஒற்றைச் சொல்லுக்கு நாற்பத்தொரு பொருள். ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று குறிப்பட்டை. அட்டையின் மூலையில் அந்தப் பொருளில் சொல்லைக் கேட்ட அல்லது கண்ட இடம். ஏழு மாதம் அலைந்தது நான். கடிகாரக் கடையில் முள், சீட்டாட்ட மேசையில் ஒருவருக்கு விழுந்த சீட்டுகள், துறைமுகத்தில் கப்பல் ஆள். பதினேழாவது பொருள், தொழிலாளி. கண்ட இடம்: அப்பா வேலை பார்த்த மில்லின் வாசல் பலகை. முப்பது ‘ஹேண்ட்’ தேவை என்று எழுதியிருந்ததைப் படிக்கத் தெரியாமலேயே அப்பா அந்த முப்பதில் ஒன்றாக உள்ளே போனார்.

“அட்டையெல்லாம் ஆபீஸ் சொத்தும்மா,” என்றார் பதிப்பாசிரியர். “உங்க வீட்ல முதல்ல பட்டம் வாங்கினவ நீ. இங்க உக்கார்ற அளவுக்கு வந்துட்டே. அது போதாதா?”

“அட்டை உங்களோடது. கேட்ட காது என்னோடது.”

“வாய் ரொம்ப நீளம்,” என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த மருமகன் சிரித்தார்.

“சரிங்க சார். முப்பத்திரண்டாவது பொருள். குதிரைக்கு ஹேண்ட்னா என்ன?”

அவர் மாமனாரைப் பார்த்தார். மாமனார் ஜன்னலைப் பார்த்தார்.

“முன்னங்கால்,” என்றார் மருமகன்.

அக்காவுக்குப் பொத்துக்கொண்டு வந்த சிரிப்பு இருமலாக மாறியது.

“உயரம் சார். குதிரையோட உயரத்தை அளக்கிற அளவு, நாலு அங்குலம். உங்க பேருக்கு மேலயே இருக்கு. படிச்சுக்கூடப் பாக்கலையா?”

பதிப்பாசிரியர் பேனாவைத் திறந்தார். அந்தப் பெயரை அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். ‘அச்சுக்கு அனுப்பலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“நன்றியுரையில ‘உதவி செய்தோர்’னு ஒரு வரி போட்டுடலாம். பேரெல்லாம் வேணாம், இடம் பத்தாது. நாளையிலேருந்து ‘ஹெட்’ ஆரம்பி. அது இவ்வளவு இழுக்காது.”

இழுக்கும். அறுபது பொருளைத் தாண்டும். பேனா தாளில் பட்ட நொடியிலேயே முடிவு செய்துவிட்டேன், அதைத் தேடி அலையப்போவது நானில்லை என்று.

அக்கா என் முழங்கையைப் பிடித்தார். “உக்காரு. வீம்பு பண்ணாதே. நாளைக்கு ஆறிடும்.”

“ஆறாதுக்கா.”

அட்டை அலமாரியின் சாவியை மேசைமேல் வைத்தேன்.

“எங்கேம்மா கிளம்பிட்டே? மணி மூணுகூட ஆகலையே!” என்றார் பதிப்பாசிரியர்.

பையை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன்.