ஓர் ஏலக்காய்க் கனம்

ஆவணி மூன்றாம் புதன்கிழமை காலையில் சுருளியம்மாள் முதன்முதலாகச் சவரக்கத்தியைக் கையில் எடுத்து, ஒரு சாம்பல்பூசணிப் பிஞ்சுக்குச் சவரம் செய்தாள். பிஞ்சின் தோலில் வெள்ளை மயிர் அடர்ந்திருக்கும் என்பதால், பழகுவதற்கு அதைவிடப் பொருத்தமான முகம் அந்த ஏலத்தோட்டத்துக் குடியிருப்பில் கிடைக்கவில்லை. நுரை பூசிக் கத்தியை இறக்கினாள். மயிர் போயிற்று. நான்கு இடங்களில் தோலும் போயிற்று.

அவள் கணவன் பேச்சிமுத்து அந்த நான்கு இடங்களையும் இடக்கை விரலால் தடவிப் பார்த்தான். வலக்கை, மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை மூங்கில் பட்டைகளுக்குள் கட்டுண்டு கிடந்தது. காய் உலர்த்தும் ஸ்டோரின் ஏணியிலிருந்து ஆடி முதல் வாரத்தில் விழுந்து முறிந்த கை அது. அன்றிலிருந்து நாற்பத்துமூன்று நாள்களாக அவன் முகத்தில் கத்தி படவில்லை.

இருபது ஆண்டுகளாகத் தன் முகத்தைத் தானே மழித்துக்கொண்டவன் அவன். தோட்டத்தில் சொந்தமாகச் சவரக்கத்தி வைத்திருந்தவனும் அவன் ஒருவனே. மற்ற ஆண்கள், பதினைந்து நாளுக்கு ஒருமுறை போடியிலிருந்து மலையேறி வரும் நாவிதன் ஒச்சப்பனுக்காகக் காத்திருப்பார்கள். பேச்சிமுத்து விழுந்த வாரமே மழையில் குரங்கணி ஜீப் பாதை சரிந்தது, அதன்பின் ஒச்சப்பன் வரவில்லை. நேற்று மாலைதான் பாதை சீரானது. இன்றைய முதல் ஜீப்பில் வருகிறவர்கள் சிலமலைச் சம்பந்திகள்.

மகள் செல்லத்தாய்க்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் தாய் கருத்தம்மாள் சகுனம் பார்ப்பவள். ஆனி மாதம் இதே காரியத்துக்காகப் புறப்பட்டு, எண்ணெய்க்குடம் எதிரே வந்ததென்று ஊர் எல்லையிலேயே திரும்பியவள். பெண்ணின் தகப்பன் தாடியோடு வாசலில் நின்றால், இழவு விழுந்த வீடு என்றே கொள்வாள். தாம்பூலத்தட்டைக் கீழே வைக்காமலே மலை இறங்குவாள். இரண்டாம் முறையும் திரும்பினால் மூன்றாம் முறை இல்லை. செல்லத்தாய் அதை எல்லாரையும்விட நன்றாக அறிந்திருந்தாள். காலையிலிருந்து அவள் ஒரே சொம்பை மூன்று முறை துலக்கியிருந்தாள்.

"கத்தி முதுகு கன்னத்த விட்டு ஒரு ஏலக்கா கனத்துக்கு மேல எந்திரிக்கக் கூடாது" என்றான் பேச்சிமுத்து. "படுத்துச்சுன்னா மயிரப் புடுங்கும். எந்திரிச்சா தோல எடுக்கும்."

"எந்த ஏலக்கா? பெருவெட்டா, பொடியா?"

ஸ்டோரில் காய்களைத் தரம் பிரிப்பவள் அவள். கேள்வியில் கேலி இல்லை.

"நடுத்தரம்."

அவள் ஒரு நடுத்தரக் காயை எடுத்து, விரல்களுக்கிடையே உருட்டி, அதன் கனத்தை மனத்தில் இருத்திக்கொண்டாள்.

அண்டை வீட்டு மொக்கையன் வாசற்காலில் சாய்ந்து நின்றான். அவன் தானே மழித்துவிடுவதாக முன்வந்து, கைநடுக்கம் காரணமாக நிராகரிக்கப்பட்டவன். "மதினி, பூசணிக்குக் கழுத்து கெடையாது. அண்ணனுக்கு இருக்கு. ஞாபகம் வச்சுக்கங்க."

"ஒனக்கு வேற சோலி இல்லையா? போய்ப் பாதையப் பாரு. ஜீப்புச் சத்தம் கேட்டா வெரசா வந்து சொல்லு."

மொக்கையன் போனான். அவள் கத்தரிக்கோலால் தாடியைக் குறைத்து, வெந்நீர்த் துணியால் ஒற்றி, நுரை பூசினாள். அப்போதுதான் இருவருக்கும் ஒன்று புரிந்தது. சொல்லிக் கொடுக்க வேண்டியவன் பேச்சிமுத்து, பேசினால் தாடை அசையும், அசைந்தால் வெட்டும்.

"தொடையில தட்டுறேன்" என்றான். "ஒரு தட்டுன்னா நிறுத்து. ரெண்டு தட்டுன்னா போயிட்டே இரு." அத்துடன் வாயை மூடிக்கொண்டான்.

வலக்கன்னத்தில் தொடங்கினாள். இடக்கை தோலை மேல்நோக்கி இழுத்துப் பிடிக்க, வலக்கை கத்தியைக் கீழே கொண்டுவந்தது. நுரை விலகிய இடத்தில், நாற்பத்துமூன்று நாள் வெயில் காணாத தோல் வெளுத்துத் தெரிந்தது. இரண்டு தட்டு. அடுத்த வீச்சுக்கும் இரண்டு தட்டு. மோவாயின் வளைவில் கத்தி திக்கியது. ஒரு தட்டு. நிறுத்தி, கத்தியைத் துடைத்து, கோணத்தைத் திருத்திக்கொண்டாள். இரண்டு தட்டு. வலப்பக்கம் முடிந்தபோது அவள் ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது. வெட்டு ஒன்றுமில்லை.

அதனால் பயம் குறையவில்லை. இழப்பதற்கு ஒன்று கூடியிருந்தது.

இடப்பக்கத்துக்கு நகர்ந்தாள். கழுத்துவரை வர வேண்டும் என்பதற்காகத் கழுத்தைச் சுற்றிக் கிடந்த துண்டைத் தளர்த்தினாள். துண்டு சரிந்தது. தாடைக்கு இரண்டு விரல் கீழே, நுரை படாத இடத்தில், நாவற்பழம் போல் உப்பி ஓர் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

விடியற்காலையில் ஏலச்செடிகளுக்கு நடுவே ஓடைக்குப் போய்க் குளித்து வந்தவன் அவன். திரும்பியதும் அவன் கால்களில் இருந்த ஏழு அட்டைகளையும் அவளே எடுத்தாள். தாடியும், பிறகு துண்டும் மறைத்த இடத்தில் எட்டாவதை அவள் தேடவில்லை; அவனுக்கும் வலிக்கவில்லை. பதினெட்டு ஆண்டுகளாகக் காய் பறித்த கை அவளுடையது. அட்டையைக் கண்டால் இடுப்புக் கத்தியை உருவி, கீழிருந்து மேலாக ஒரே வீச்சில் வழித்தெறியும் கை. அதற்கு யோசனை தேவைப்பட்டதில்லை.

இப்போதும் தேவைப்படவில்லை. அட்டையைக் கண் கண்ட கணத்தில் மணிக்கட்டு திரும்பிவிட்டது. கையில் இருப்பது இடுப்புக் கத்தி அல்ல என்பது, விளிம்பு தோலைத் தொட்ட பிறகே அவள் நினைவுக்கு வந்தது. அங்கேயே நிறுத்தினாள். அவன் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

தாடைக்குக் கீழே நகத்தின் நீளத்துக்கு ஒரு சிவப்புக் கோடு தோன்றியது.

கத்தியைத் தள்ளிவைத்து, சோப்பு நுரையை அள்ளி அட்டையின் மேல் அப்பினாள். அது சுருண்டு விழுந்தது. அதன் கடிவாயிலிருந்து, அட்டைக்கடிக்கே உரிய விதத்தில், இரத்தம் நிற்காமல் வழிந்து துண்டை நனைத்தது. பேச்சிமுத்து கண்ணைத் தாழ்த்தித் துண்டைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"அட்டைங்க" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. "அட்டைதான். ஆனா... நானும் கொஞ்சம்."

வெளியே மொக்கையன் கத்தினான்: "மதினி! குரங்கணி வளைவுல ஜீப்பு!"

குரங்கணியிலிருந்து மேலேறி வர முக்கால் மணி நேரம். பாதி முகம் வெளுத்தும் பாதி கறுத்தும் இருந்தது. தாடி வைத்த தகப்பனாவது துக்கத்தில் இருப்பவனாகத் தோன்றுவான். இவன் எதுவாகவும் தோன்ற மாட்டான். அவள் கத்தியை எடுத்தாள். மறுபடி கீழே வைத்தாள்.

"என்னால ஆகாதுங்க. மொக்கையனக் கூப்புடட்டுமா?"

பேச்சிமுத்து, கழுத்தில் இரத்தம் ஓடிக்கொண்டிருக்க, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்துக் கண்களை மூடினான். இடக்கையைத் தொடைமேல் வைத்தான்.

இரண்டு தட்டு.

அவள் ஏலக்காயின் கனத்தை நினைவுக்குக் கொண்டுவந்தாள்.

சம்பந்திகள் வாசலை அடைந்தபோது பேச்சிமுத்து வெள்ளைச் சட்டையோடு கைகூப்ப முயன்று, ஒரு கையைக் கட்டோடு உயர்த்தி, மற்றதை அதனோடு சேர்த்தான். முகம் மழமழவென்று இருந்தது. கழுத்தில் புகையிலைத் துணுக்கு வைத்து அழுத்திய ஒரு புள்ளி. அதன் அருகே ஒரு கோடு. தாம்பூலத்தட்டைக் கையில் ஏந்தியிருந்த கருத்தம்மாள் உள்ளே வரவில்லை. பார்வை கழுத்தில் நின்றது. கதவுக்குப் பின்னால் செல்லத்தாயும் சுருளியம்மாளும் ஒருவர் கையை ஒருவர் பிடித்திருந்தார்கள்.

"என்னண்ணே, கழுத்துல ரெத்தம்?"

"அட்டைதான். மலையில இது தெனப்படி."

கருத்தம்மாள் இன்னும் கொஞ்சம் குனிந்தாள். "நானும் கல்யாணத்துக்கு முந்தி நாலு வருசம் காயெடுத்தவதான். அட்டை புள்ளி வச்சுல்ல கடிக்கும்? இது கோடு போட்டுல்ல கடிச்சிருக்கு?"

பேச்சிமுத்து ஒரு கணம் கதவுப் பக்கம் பார்த்தான்.

"அது வேற அட்டை. இன்னைக்குத்தான் முதமுதலாச் சோலிக்கு வந்துச்சு. போகப் போகக் கை பழகிரும்."

கருத்தம்மாள் கதவிடுக்கில் தெரிந்த இரண்டு முகங்களையும் பார்த்தாள். ஒன்றின் காதோரத்தில் சோப்பு நுரை காய்ந்திருந்தது. சிரிக்கவில்லை, உதட்டை மட்டும் அழுத்தி மூடிக்கொண்டாள். பிறகு வலது காலை எடுத்துவைத்து உள்ளே வந்து, தட்டைக் கீழே வைத்தாள்.