மூலை நாற்காலி

"நீங்க மூணாவது ஆளா, நாலாவதா?"

கதவைத் திறந்ததும் டீச்சர் கேட்ட முதல் கேள்வி இதுதான். இரண்டு வருஷம் பயிற்சி எடுத்த பாடமெல்லாம் மெக்கானிக்குக்கு அந்த இடத்திலேயே மறந்துபோனது. "சபையிலிருந்து வர்றேங்க. போதகர் ஐயா அனுப்பினாரு" என்று மென்று முழுங்கினார்.

"அது தெரியுது. உள்ள வாங்க."

மெக்கானிக் லிஃப்ட் பழுது பார்ப்பவர். இரண்டு மாடிகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டவர்களுக்கு வெளியே நின்றபடியே பேச்சுக் கொடுத்து, அழுகிறவர்களைக்கூட ஆசுவாசப்படுத்திவிடுவார். ஒருமுறை அப்படிச் சிக்கியவர் போதகர். வெளியே வந்த கையோடு, "நோயாளிகளையும் துக்க வீடுகளையும் பாக்கப் போற ஊழியத்துக்கு நீங்க வரணும்" என்று பிடித்துக்கொண்டார். "எனக்கு ஜெபமெல்லாம் வராதுங்களே ஐயா" என்றதற்கு, "ஜெபம் அப்புறம் வரும். மொதல்ல கேக்குறதுக்குக் காது வேணும். அது உங்ககிட்ட இருக்கு" என்றார்.

சும்மா சொல்லக்கூடாது, பயிற்சி ஒழுங்காகத்தான் நடந்தது. முதல் ஆறு மாதம் போதகர் பேசுவார், இவர் மூலையில் உட்கார்ந்து கவனிப்பார். அடுத்த ஆறு மாதம் இருவரும் சேர்ந்து. அதற்கப்புறம் இவர் முன்னால், போதகர் மூலையில். வீட்டுக்கு வந்து குறிப்பேட்டில் எழுத வேண்டும். நாம் சொன்னதை எழுதக் கூடாது, கேட்டதை மட்டும். கடைசிப் பாடம், தனியாக ஒரு வீடு; இவருக்கு இந்த டீச்சர் வீடு. அங்கே கேட்டதை எழுதிய பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் போதகர் சபைக்கு முன்னால் தலையில் கைவைத்து ஊழியத்துக்கு நியமிப்பார். வரும் ஞாயிற்றுக்கிழமை அது. மனைவி புதுச் சட்டையைத் தேய்த்து மாட்டிவைத்துவிட்டாள். "வீட்டுல நான் கத்துறது காதுல விழாது. ஊருக்கெல்லாம் காது குடுக்கப் போறாராம்" என்று அவள் சொன்னபோது, அவள் முகத்தில் பெருமை வழிந்ததை இவர் கவனிக்காமல் இல்லை.

டீச்சர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். இவர் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் காட்டினார்.

"எங்க வீட்டுக்காரர் படுத்திருந்தப்ப உங்க ஐயா இதுலதான் உக்காந்தாரு. 'கண்டிப்பா எழுந்து நடப்பாரு டீச்சர், நான் சொல்றேன்'னாரு. நான் நம்பிட்டேன். நம்பினதால எங்க வீட்டுக்காரர்கிட்ட கடைசியா ஒரு வார்த்தை பேசி வழியனுப்பல. பதினோராவது நாள் போயிட்டாரு."

மெக்கானிக் கையில் எடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

"அடக்கத்துக்கு வந்தாரு உங்க ஐயா. அதோட சரி. அப்புறம் ஆளுதான் வருது. மருந்துக்கடைப் பொண்ணு வந்துச்சு. வேன் டிரைவர் வந்தாரு. நல்ல மனுஷங்கதான், குறை சொல்லல. ஆனா எனக்கு ஆள் வேணாம். அவர வரச் சொல்லுங்க."

ஜெபம் செய்யட்டுமா என்று கேட்க வாயெடுத்து, மூடிக்கொண்டார்.

தெருவில் நடக்கும்போது தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இத்தனை நாள் தன்னைத் தயார் செய்தது ஊழியத்துக்கா, அல்லது போதகர் ஏற முடியாத ஒரு வாசல்படியில் தன்னை ஏற்றிவிடுவதற்கா? 'காது இருக்கு' என்று சொன்னது மெய்யா, ஆள் பிடிக்கச் சொன்ன பேச்சா? ஒருவேளை இதுதான் கடைசிப் பாடமோ, கஷ்டமான வீடு என்று தெரிந்தேதான் எல்லோரையும் அனுப்புகிறாரோ? தனக்கு முன்னால் பயிற்சி முடித்த அந்த மருந்துக்கடைப் பெண்ணுக்கு போன் போட்டு, உன் பக்கத்தில் என்ன எழுதினாய் என்று கேட்டார்.

"'நல்லா பேசினாங்க'ன்னு எழுதினேன். அவர வரச் சொன்னத எப்படிண்ணே எழுதுறது? நமக்குச் சொல்லிக் குடுத்தவராச்சே. டிரைவர் அண்ணனும் அப்படித்தான் எழுதினாராம்."

அவளைத் தப்பு சொல்லவும் மனசு வரவில்லை. குறிப்பேட்டை மூன்று முறை திறந்து மூடினார். சட்டை கண்ணெதிரே தொங்கியது. கடைசியில் ஒரே வரி எழுதினார்: 'எனக்கு ஆள் வேணாம், அவர வரச் சொல்லுங்க.'

வியாழக்கிழமை மாலை போதகர் அதைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், திரும்பப் படித்தார்.

"மத்த ரெண்டு பேரும் இத எழுதலையே."

"அவங்ககிட்டயும் சொன்னாங்களாம் ஐயா."

கோபமா, வெட்கமா, அந்த முகத்தில் இவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை உண்டா இல்லையா என்று கேட்கவும் நாக்கு எழவில்லை. குறிப்பேட்டை மூடி இவர் கையில் கொடுத்துவிட்டுப் போதகர் கேட்டார்: "கூட வர்றீங்களா?"

சனிக்கிழமை காலையில் போனார்கள். அழைப்பு மணியைப் போதகர்தான் அடித்தார், இரண்டு தடவை கையை எடுத்துவிட்டு மூன்றாம் தடவை. டீச்சர் கதவைத் திறந்து இருவரையும் பார்த்தார். வாங்க என்று சொல்லவில்லை. கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார்.

கூடத்து மூலையில், மடித்த துணி அடுக்கிய ஒரு நாற்காலி கிடந்தது. பழக்கதோஷம், போதகரின் கால் அந்தப் பக்கம் திரும்பியது. மெக்கானிக்குக்கு அந்த நிமிஷம் எங்கிருந்து துணிச்சல் வந்ததோ, முந்திப் போய்த் துணிகளை மடியில் எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டார். மிச்சமிருந்தது டீச்சருக்கு எதிரே, அன்றைக்கு அவர் காட்டிய அதே நாற்காலி ஒன்றுதான்.

போதகர் அதில் உட்கார்ந்தார். வேதப் புத்தகத்தைத் திறந்தார். மூடினார். பக்கத்தில் வைத்தார்.

தான் செய்தது மரியாதையா, அவமரியாதையா? மெக்கானிக்குக்குப் பயமாக இருந்தது. நாளைக்கு இவர் கை தன் தலைமேல் வருமா? வந்தால் அதை எப்படி வாங்கிக்கொள்வது? யாரிடம் கேட்பது? கேட்க வேண்டிய ஆளே எதிரில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார்.

"டீச்சர்" என்றார் போதகர்.

டீச்சர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மெக்கானிக் துணிகளின் மேல் குறிப்பேட்டை விரித்து, அந்த ஒரு வார்த்தையை எழுதிக்கொண்டு, பேனாவை மூடாமல் காத்திருந்தார்.