எட்டாம் நம்பர் கட்டில்

பெண்கள் வார்டில் எட்டாம் நம்பர் கட்டில் என்றால் ஒருத்தருக்கும் ஆகாது. எட்டு சனிக்குரிய எண்ணாம். ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டின் மேல் இருக்கும் அந்த நாற்பது கட்டில் ஆஸ்பத்திரியில், எட்டில் படுக்கவைத்தவரை மறுநாளே வேறு கட்டிலில் பார்க்கலாம். கூட இருக்கும் சொந்தக்காரர்களே பேசி முடித்துவிடுவார்கள். சனி கிடக்கட்டும், ஜன்னல் காற்று வேண்டும் என்கிறவர் எட்டுக்குப் போவார். எட்டில் இருந்தவர் அவர் இடத்துக்கு வருவார். தலையணை போகும், பிளாஸ்க் போகும், கட்டிலுக்கு அடியில் கிடக்கும் செருப்புகூடப் போகும். கால்மாட்டுக் கொக்கியில் தொங்குகிற மருந்து அட்டை மட்டும் போகாது. அது ஆஸ்பத்திரிச் சாமான். அதை யார் தொடுவார்கள்?

இப்படி அட்டையை விட்டுவிட்டு ஆள் மாறினால் மருந்தும் ஆள் மாறிப் போகும் என்று, நர்சாக வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே பாண்டிசெல்வி சொல்லிவிட்டாள். நர்சிங் சூப்பிரண்டு ஆனந்தவல்லி சிரித்தார்.

"பி.எஸ்சி. நர்சிங் முடிச்சிட்டு வந்தா இப்படித்தான் கண்ணுல படும். பதினெட்டு வருசமா இப்படித்தான் நடக்கு. ஒண்ணும் ஆகல."

"ஒண்ணும் ஆகலையா மேடம், ஆனது நமக்குத் தெரியலையா?"

அன்றிலிருந்து அவளுக்கு வாயாடி என்று பெயர். அவள் கவலைப்படவில்லை. சத்திரப்பட்டியில் அவளுடைய அப்பாவும் அம்மாவும் விசைத்தறியில் பேண்டேஜ் துணி நெய்கிறவர்கள். அந்த வீட்டின் முதல் டிகிரி அவளுடையது. துணியில் நாலு இழை விட்டுப்போனால் முதலாளி மொத்தச் சுருளையும் திருப்பி அனுப்பிவிடுவார். துணிக்கே அந்தப் பார்வை பார்க்கிற ஊரில், ஆள் மாறி மருந்து போனால் மட்டும் 'நடக்கத்தான் செய்யும்' என்கிறார்களே என்று அவளுக்கு ஆத்திரம் வரும்.

செவ்வாய்க்கிழமை காலை அது நடந்தேவிட்டது.

தேவதானத்திலிருந்து காலில் புண்ணோடு வந்து சேர்ந்திருந்த வேலுத்தாயை எட்டில் போட்டிருந்தார்கள். அவளுடைய மகன் மாரிச்சாமி விடியுமுன்னே ஐந்தாம் கட்டில்காரரிடம் பேசி அம்மாவை அங்கே மாற்றிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். ஐந்தில் இருந்த குருவம்மாள் சர்க்கரை நோய்க்காரி. அவள் எட்டுக்குப் போய் ஜன்னல் காற்றில் நன்றாகத் தூங்கினாள். குருவம்மாளின் அட்டை ஐந்தாம் கட்டிலிலேயே தொங்கியது.

ஏழே காலுக்கு இன்சுலினோடு வந்தவள் ஷமீமா. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. அங்கேயே டிப்ளமோ நர்சிங் முடித்துவிட்டு வந்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. அட்டையைப் பார்த்தாள்; கட்டிலில் படுத்திருந்தவளைப் பார்த்தாள்.

"குருவம்மாதானம்மா?"

"ஆமாத்தா" என்று கையை நீட்டினாள் வேலுத்தாய்.

எட்டு மணி டியூட்டிக்கு வந்த பாண்டிசெல்வி வார்டுக்குள் கால் வைத்ததும் ஐந்தாம் கட்டிலைத்தான் பார்த்தாள். வேலுத்தாயின் சேலை வேர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கை நடுங்கியது. பேச்சு குழறியது. விரலில் குத்திப் பார்த்தாள். சர்க்கரை நாற்பத்திரண்டுக்கு இறங்கியிருந்தது. "டாக்டரக் கூப்பிடு!" என்று கத்திக்கொண்டே ஊசிக்கு நரம்பு தேடினாள். டாக்டர் ஓடி வந்தார், குளுக்கோஸ் ஏறியது. கொஞ்ச நேரத்தில் வேலுத்தாய் கண்ணைத் திறந்து, "இட்லி வந்துருச்சா?" என்று கேட்டாள். சுவர் ஓரமாக நின்றிருந்த ஷமீமா அப்போதுதான் மூச்சு விட்டாள்.

வேலுத்தாய் பிழைத்துக்கொண்டாள். ஆனால் ஆஸ்பத்திரிக்கு ஒரு தலை வேண்டுமே. மத்தியானம் மேனேஜர் ராஜரத்தினம் பாண்டிசெல்வியைக் கூப்பிட்டு ஒரு கடிதத்தை நீட்டினார். 'நோயாளியின் பெயரைக் கேட்காமல் ஊசி போட்டேன். தவறு முழுவதும் என்னுடையது.' கீழே ஷமீமா கையெழுத்துப் போட ஓர் இடம். சாட்சிக்கு ஓர் இடம்.

"சாட்சி நீ. நாலு மணிக்குள்ள போட்டுக் குடுத்துரு. அந்தப் பிள்ளைய இன்னைக்கே அனுப்பிருவோம்."

ஷமீமாவின் அசல் சான்றிதழ்கள் அத்தனையும் அவருடைய பீரோவில் இருந்தன. இந்தக் கடிதமும் அவற்றோடு சேர்ந்துகொண்டால், விருதுநகர் வரைக்கும் எந்த ஆஸ்பத்திரியிலும் அவளுக்கு வேலை கிடையாது. இருபத்தொரு வயதில் கதை முடிந்தது.

"நான் போடமாட்டேன் சார்."

"ஏன்?"

"பொய்யாச்சே. அவ பேரக் கேட்டா. அந்தம்மாவும் ஆமான்னு சொல்லிருக்கு. பக்கத்துக் கட்டில்காரங்க எல்லாரும் கேட்டிருக்காங்க."

"போடலைன்னா ரெண்டு பேரும் போகலாம்."

"போறேன் சார். ஆனா அடுத்த வாரம் வேறொரு பிள்ள வருவா. அதே கொக்கி, அதே அட்டை, அதே எட்டு. அவளுக்கும் இப்பவே ஒரு லெட்டர் அடிச்சு வச்சிருங்க."

ராஜரத்தினம் பேனாவை மேஜைமேல் போட்டார். பக்கத்து நாற்காலியில் ஆனந்தவல்லி உட்கார்ந்திருந்தார். பாண்டிசெல்வி அவர் பக்கம் திரும்பினாள்.

"மேடம், பத்து நிமிசம் குடுங்க. சாரும் வரட்டும். நீங்களே வார்டுல எப்பவும் கேக்குற மாதிரி பேரக் கேளுங்க. அதுக்குப் பொறவு நான் கையெழுத்துப் போடணுமா வேண்டாமான்னு நீங்களே சொல்லுங்க."

"எனக்கே பரிட்சையா?" என்று ஆனந்தவல்லி எழுந்தார். கோபம்தான். ஆனாலும் எழுந்துவிட்டார்.

முன்னால் ஓடிப்போய் ஆறு கட்டில்களின் அட்டைகளைக் கலைத்துக் கட்டி வைத்தாள் பாண்டிசெல்வி. ஆனந்தவல்லி முதல் கட்டிலில் போய் நின்றார்.

"மாடத்திதானம்மா?"

"ஆமாங்கம்மா."

"உங்க பேரு என்னம்மா?" என்றாள் பின்னாலேயே வந்த பாண்டிசெல்வி.

"சண்முகத்தாய்."

ஆனந்தவல்லி கையிலிருந்த அட்டையையும் கட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். அடுத்த கட்டிலுக்குப் போனார். "பேச்சியம்மாதான?" "ஆமா தாயி." அவள் பெயர் இருளாயி. மூன்றாவது கட்டிலும் ஆமாம் போட்டது. நான்காவது கட்டில்காரி ஆமாம் போட்டுக்கொண்டே ஊசிக்குக் கையையும் நீட்டினாள். ஐந்தில் வேலுத்தாய் இந்த முறையும் தயங்காமல் ஆமாம் என்றாள். ஆறாவது கட்டிலில் காய்ச்சலோடு படுத்திருந்த பிளஸ் டூ படிக்கிற பெண் மட்டும் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "இல்ல, நான் பவித்ரா" என்றாள்.

ராஜரத்தினம் சண்முகத்தாயிடம் திரும்பி வந்தார். "ஏம்மா, உங்க பேரு அது இல்லைல்ல? பொறவு ஏன் ஆமான்னீங்க?"

"வெள்ளக் கோட்டுப் போட்டவங்க சொல்லும்போது இல்லைன்னா சொல்ல முடியும்? கோவிச்சுக்கிட மாட்டீங்களா? போன தடவ ஒரு சிஸ்டரு, 'எனக்குத் தெரியாதா'ன்னு என்ன ஏசிருச்சு."

வார்டே சிரித்தது. ஆனந்தவல்லி சிரிக்கவில்லை. ஏசிய சிஸ்டர் யார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

வாசலில் நின்றிருந்த மாரிச்சாமிக்குச் சிரிப்பு வரவில்லை.

"எங்கம்மா சாகக் கெடந்திருக்கு. நீங்க இங்க வெளையாட்டுக் காட்டுதீகளா? அந்தப் பிள்ளைய மொதல்ல வெளிய அனுப்புங்க."

"அண்ணே, கட்டில மாத்துனது யாரு?"

அவன் திரும்பி எட்டாம் கட்டிலைப் பார்த்தான்.

"உங்களக் குத்தம் சொல்லல. மாத்துனா எங்ககிட்ட சொல்லணும்னு உங்களுக்கு யாரும் சொல்லல. அது எங்க தப்பு. ஷமீமாவ அனுப்பிட்டா உங்க கோவம் ஆறும், சரி. நாளைக்கு வேற ஒருத்தங்க அம்மாவுக்கு இதே நடந்தா?"

மாரிச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அம்மாவின் கால்மாட்டில் போய் உட்கார்ந்தான்.

ஆனந்தவல்லி அட்டைகளை ஒவ்வொன்றாக அதனதன் ஆளிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

"சார், அந்த லெட்டர்ல என் பேரையும் சேத்து அடிச்சுட்டு வாங்க. அப்படிக் கேக்கச் சொல்லி அவளுக்குப் பழக்கிவிட்டது நான்தான்."

பதினெட்டு வருட சூப்பிரண்டை அனுப்பிவிட்டு ராஜரத்தினம் எந்த ஆஸ்பத்திரியை நடத்துவது? கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "சரி, என்ன செய்யணும்னு எழுதிக் குடு" என்று பாண்டிசெல்வியிடம் சொன்னார். அவள் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தாள்.

பெயரை நாம் சொல்லக் கூடாது. அவர்கள் சொல்ல வேண்டும். அட்டை கட்டிலுக்கு இல்லை, ஆளுக்கு. யார் எங்கே மாறினாலும் பெயர் கையிலேயே இருக்க வேண்டும். பிளாஸ்டிக் பட்டை வாங்க மாதக் கணக்கில் ஆகும் என்றார் ராஜரத்தினம். அன்று சாயங்காலமே அவள் அப்பாவுக்குப் போன் போட்டாள். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஒரு சுருள் வெள்ளை நாடா வந்து இறங்கியது. அழியாத மையில் பெயரை எழுதி ஒவ்வொரு மணிக்கட்டிலும் கட்டினார்கள்.

ஒரு சிக்கல் வந்தது. ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் என்ன செய்வது? பெயரோடு வீட்டுக்காரர் பெயரையும் கேட்கலாம் என்று பாண்டிசெல்வி எழுதியிருந்தாள். புத்தகத்தில் படிக்கும்போது நன்றாகத்தான் இருந்தது. வேலுத்தாயிடம் கேட்டுப் பார்த்தாள்.

"ஏட்டி, அவிய பேர நான் எப்படிச் சொல்லுவேன்? நாப்பது வருசமா இந்த வாயால சொன்னதில்ல."

"சும்மா சொல்லுங்கம்மா. அவர் இங்க இல்லைல்ல?"

"அவிய இல்லைன்னா? இவன் இருக்கான்ல, போயி வத்தி வச்சிருவான்" என்று மகனைக் காட்டினாள். மூன்று கட்டில் தள்ளி இருளாயி, "எனக்கும் வராது தாயி" என்றாள். பாண்டிசெல்வி தாளை வாங்கி அந்த வரியை அடித்துவிட்டு, 'ஊர்' என்று எழுதினாள். ஊரைச் சொல்ல யாருக்கும் கூச்சமில்லை.

திங்கட்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பன்னிரண்டு மாணவிகள் பயிற்சிக்கு வேனில் வந்து இறங்கினார்கள். ஷமீமா படித்த நர்சிங் பள்ளிதான். அவர்களுக்கு வார்டைக் காட்டும் வேலையை ஆனந்தவல்லி ஷமீமாவிடமே கொடுத்திருந்தார்.

"போன செவ்வாய்க்கிழம இந்தக் கட்டில்ல நான் ஆள் மாறி ஊசி போட்டேன்" என்று ஷமீமா ஆரம்பித்தாள். மாணவிகள் திகைத்து அவளைப் பார்த்தார்கள். அவள் குரல் முதல் வரியில் நடுங்கியது. அடுத்த வரியில் நடுக்கம் நின்றுவிட்டது. கொக்கி, எட்டு, ஆமா என்ற பதில், எதையும் விடாமல் சொன்னாள். மருந்து மேஜைப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்த பாண்டிசெல்வி ஒரு வார்த்தைகூட எடுத்துக்கொடுக்கவில்லை. தேவைப்படவில்லை.

அந்த நேரத்தில் ஆனந்தவல்லி வேலுத்தாயின் புண்ணுக்கான ஊசியோடு வந்தார். பழக்கம் லேசில் விடுமா? சிரிஞ்சைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே, "வேலுத்தாய்தான, கையக் காட்டுங்க" என்றார்.

வேலுத்தாய் நாடா கட்டிய கையை வெடுக்கென்று போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"மொதல்ல எம்பேரக் கேளு. நான் சொல்லுதேன். பொறவு குத்து."

மாணவிகள் அவசர அவசரமாக நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார்கள். ஆனந்தவல்லி சிரிஞ்சைத் தட்டில் வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"உங்க பேரு என்னம்மா? எந்த ஊரு?"