பெஞ்சுக் கதவு

மினசோட்டாவின் வடகோடியில் ஒரு சுரங்க ஊர். அங்கே உயர்நிலைப் பள்ளியின் ஐஸ் ஹாக்கி அணிக்கு ஐம்பது வயதானதைக் கொண்டாட, பழைய ஆட்டக்காரர்கள் மறுபடி பனித்தளத்தில் இறங்கினார்கள். முதல் அணியின் கோல்கீப்பர் வெண்டல். அவர் படம் இன்றும் அரங்க வாசலில் தொங்குகிறது. மாற்று கோல்கீப்பராக இருந்த ஐனோ ஒரு ஆட்டமும் ஆடியதில்லை. ஆட்டக்காரர்கள் உள்ளே வெளியே போய்வர, பனித்தளத்தைச் சுற்றிய தடுப்பில் இருக்கும் பெஞ்சுக் கதவைத் திறந்து மூடியதுதான் அவர் சரித்திரம். அந்தப் படத்தைக் கடக்கும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரியும்.

இன்று வெண்டலுக்கு முழங்கால் மடங்கவில்லை.

"ஐனோ, கோல்ல நீ நில்லுடா. கதவை நான் பாத்துக்கறேன்."

ஐனோ வெறிபிடித்தவர்போல விழுந்து புரண்டு தடுத்தார். ஒரு கோல்கூட விழவில்லை. யாராவது முதுகில் தட்டுவார்கள் என்று முகமூடியைக் கழற்றிக்கொண்டு பெஞ்சுக்கு வந்தால், எல்லோரும் வெண்டலைச் சூழ்ந்து நின்றார்கள்.

"ஒரு தடவைகூட எங்களைக் காக்க வைக்கலப்பா மனுஷன்! அம்பது வருஷத்துல இந்தக் கதவை இவ்வளவு அழகா எவனும் திறந்ததில்ல!"

வெண்டல் சிரித்தபடி கதவைத் திறந்து பிடித்தார்.

"வாடா ஐனோ, பாத்து வா."

ஐனோ அத்தனை கவசத்தோடும் தடுப்பின் மேல் ஏறிக் குதித்தார்.