இரண்டாவது சங்கு

எழில்மதிக்கு ஒரே ஆசை. பத்தாம் வகுப்பு நாடகத்தில் தான் ராணியாக நின்று பேசும் கடைசி வசனத்தை அப்பா கேட்க வேண்டும். சுரங்க நகரியத்துப் பள்ளியில் இதுவரை அவளுக்கு மரம், கதவு, கூட்டத்தில் ஒருத்தி என்றுதான் வேஷம் வாய்த்திருந்தது. நைட் ஷிஃப்ட் முடித்துவந்து அப்பா தூங்கும் காலைகளில், மந்தாரக்குப்பத்து ஒற்றை அறை வாடகை வீட்டில், சுவரைப் பார்த்து முணுமுணுத்தே அதை மனப்பாடம் செய்தாள்.

அப்பா தங்கராசுக்கு மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. இந்த வாரம் செகண்ட் ஷிஃப்ட். ஷிஃப்டுக்கு அழைக்கும் மதியச் சங்கு ஊதியதும் சைக்கிளை மிதித்தால்தான் நேரத்துக்குப் போய்ச் சேரலாம். பிந்தினால் மேஸ்திரி வேறு ஆளை இறக்கிவிடுவார். அப்படியும் வந்து, சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

கெடுத்தவன் கூடப் படிக்கும் சிலம்பரசன். நாடகத்தில் போர் மூண்டதும் சங்கு ஊத வேண்டும். ஊரில் இல்லாத சங்கா என்று மைன்ஸ் சங்கையே செல்போனில் பதிந்துவந்து, ஒலிபெருக்கியில் அலறவிட்டான் பாவி. அவ்வளவுதான்! ஷிஃப்டுக்குப் போகிற அப்பாக்கள் அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். பழகிய கால், தானே வாசலைத் தேடியது.

ராணி கிரீடத்தைப் பிடித்துக்கொண்டு மேடை விளிம்புக்கு ஓடினாள்.

"யப்பா! அது நெசச் சங்கு இல்லப்பா, குந்து!"

அரங்கமே குலுங்கிச் சிரித்தது. எல்லோரும் அசடு வழிய உட்கார்ந்தார்கள். சுப்புலட்சுமி டீச்சர் சிலம்பரசனின் செல்போனைப் பிடுங்கித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

எழில்மதி கடைசி வசனத்தைத் தொடங்கினாள். இரண்டு வரி போயிருக்காது, மறுபடியும் சங்கு. "திரும்பவுமாடா!" என்று யாரோ கத்த, ஒரே சிரிப்பு. ஒருவரும் அசையவில்லை. புலி வருது கதைதான். அப்பாவும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. செல்போன் டீச்சர் பையில் இருக்கிறது. சிலம்பரசன் வெறுங்கையோடு திருதிருவென்று விழிக்கிறான். இது நிஜம். அதைச் சொல்லாமலிருந்தால் போதும், அப்பா வசனத்தை முழுசாகக் கேட்பார். விட்டுவிடலாமா என்றுதான் முதலில் தோன்றியது. அந்த நினைப்பே நெஞ்சைச் சுட்டது.

"எல்லாரும் கெளம்புங்க! இது நெசச் சங்கு. யப்பா, ஓடு!"

நாற்காலிகள் கிறீச்சிட்டன. பாதி அரங்கம் காலியானது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடுத்த வரி அடியோடு மறந்துபோனது. மலங்க மலங்க விழித்தபடி நின்றாள்.

வாசலைத் தாண்டப்போன தங்கராசு திரும்பிப் பார்த்தார். மகள் நிற்கிற நிலை புரிந்துவிட்டது. கையில் சைக்கிள் சாவியோடு அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"என் நாட்டில் ஓர் அடுப்பு எரியாவிட்டாலும், தோற்றது நானே!"

ஒரு சொல் பிசகவில்லை. சொல்லிவிட்டு ஓடியே போனார்.

அந்தக் காலைகளில் அப்பா தூங்கவே இல்லை என்று எழில்மதிக்கு அப்போதுதான் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதே வரியிலிருந்து பேச ஆரம்பித்தாள்.