கற்பலகையில் எழுதிய ‘பாடு’

பகலெல்லாம் பெய்து ஓய்ந்த மழையின் ஈரம் கூரைகளிலும் கம்பிகளிலும் துளித்துளியாய்த் தொங்கி நிற்க, வேலை விட்டுத் திரும்புவோர் சேறு தெறிக்காமல் ஆடையைத் தூக்கிப் பிடித்துத் தெருவோரமாய் ஒருவர்பின் ஒருவராய் நடக்க, தொடர்வண்டி நிலையத்தின் ஒலிபெருக்கி வரவிருக்கும் வண்டிகளின் நேரத்தை ஊருக்கெல்லாம் கூறிக்கொண்டிருந்த மாலைப்பொழுது அது. நிலையத்து மதிலை ஒட்டிய குடைப் பட்டறையில், கம்பி நுனியில் கறுப்புத் துணியை இழுத்து முடிச்சிட்டுக்கொண்டிருந்த பெண்ணொருத்தி, அக்குரல் செவியில் விழுந்ததும் ஊசியும் கையுமாய் அசையாது அமர்ந்துவிட்டாள். படிப்பவரே, அது புதிய குரல். இருபத்திரண்டு ஆண்டுகள் அங்கே ஒலித்தது அவள் கணவனின் குரல்.

அறிவிப்பாளர் என்றால் ஊரில் அறியாதவர் இலர். வண்டி இரண்டு மணி நேரம் தாமதம் என்பதைக்கூட அவர் சொன்னால் நல்ல செய்திபோல் இருக்கிறது என்று காத்திருப்போர் கேலி பேசுவர். பிள்ளையில்லாத அவ்வீட்டில் மாலைதோறும் இருவர் மட்டுமே இருந்து வழிபடுவர். அவர் ஓரடி பாட, அவள் அதையே திரும்பப் பாடுவாள். முதலடியை அவள் ஒருநாளும் எடுத்தவளல்லள்; அவர் குரலின் நிழலிலே நடந்து பழகிய குரல் அவளுடையது.

அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. மருத்துவர் குரல்வளையையே அறுத்தெடுத்தார்; குரல் இனி இல்லை என்று ஒளிக்காமல் சொன்னார். புண் ஆறி உயிர் நிற்குமா என்பது ஏழு நாள் கழிந்தால்தான் தெரியும் என்றும், அதுவரை உற்றார் கண்ணாடிக்கு அப்பால் நின்றே பார்க்கலாம் என்றும் கூறிவிட்டார். அன்று தொடங்கி அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மூன்றாம் நாள் அவள் கண்ணாடியின்முன் நின்றபோது, அவர் செவிலி தந்த கற்பலகையை மடியில் வைத்து, சுண்ணக்கட்டியால் ஒரு சொல் எழுதி உயர்த்திக் காட்டினார். ‘பாடு’ என்றிருந்தது. பார்த்தவள் நெஞ்சம் பிளந்தது. அவள் அழுதாள், அவர் இல்லையென்று தலையசைத்து, பலகையை விரலால் தட்டிக் காட்டினார், அவள் இன்னும் விம்மி அழுதாள், அவர் முகத்தில் சினமே வந்துவிட்டது. நோயாளி களைக்கிறார் என்று செவிலி திரையை இழுத்து மூடினாள்.

மறுநாள் பட்டறையில், எட்டுக் கம்பிக் குடையொன்றில் ஏழு கம்பியை மட்டும் கட்டி அவள் அடுக்கியிருந்தாள். துணி வெட்டுபவள் அதை விரித்துப் பார்த்து, “என்னடி, ஒரு பக்கம் நனையட்டும்னு விட்டுட்டியா?” என்று கேட்டாள். குடைக்காரி கற்பலகையின் செய்தியைச் சொன்னதும் அவள் கேலி அடங்கிற்று. “பாவம், என்ன பாடு படுறாரோ,” என்று பெருமூச்செறிந்தாள். இருவரும் ஒரே கோவிலுக்குச் செல்பவர்கள். ஆண்டவர் சிலுவையில் பட்ட பாடுகளைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த காதுகளுக்கு அச்சொல் வேறெப்படிப் புலப்படும்?

அப்பால் அவ்வீட்டில் கவலையே குடித்தனம் நடத்திற்று. அவள் முழந்தாளிட்டுச் செபம் தொடங்குவாள். ‘ஆண்டவரே’ என்ற மறுநொடியே, புண் சீழ் கொண்டால் என்ன ஆகும், காய்ச்சல் ஏறினால் என்ன ஆகும் என்று ஒன்றன்பின் ஒன்றாய் ஓடி, எழும்போது ஆண்டவரிடம் பேசினோமா, தன்னோடே பேசிக்கொண்டோமா என்பதுகூட அவளுக்கு விளங்காது. பாட்டுப் புத்தகத்தை அவள் தொடவேயில்லை.

ஐந்தாம் நாள் மாலை, மருத்துவமனைச் சீட்டை நனையாத இடத்தில் வைக்க எண்ணி அப்புத்தகத்தை எடுத்துத் திறந்தாள். எதிரே அவருடைய நாற்காலி வெறுமையாய் இருந்தது. பகலெல்லாம் பேசிக் களைத்து வரும் அவர், முகம் கழுவி, அந்நாற்காலியில் அமர்ந்து, சிறு செபம் முடித்து, முதலடியை எடுக்குமுன் அவள் பக்கம் திரும்பி எப்போதும் ஒரே ஒரு சொல்தான் சொல்வார்.

“பாடு.”

அவள் கைச்சீட்டு கீழே விழுந்தது. “அட மக்கே,” என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வலியைச் சொல்லவில்லை அம்மனிதர். மாலை வழிபாட்டை நிறுத்திவிடாதே என்று சொல்லியிருக்கிறார். அவர் ஏன் சினந்தார் என்பதும் இப்போது விளங்கிற்று.

எழுந்து நின்று முதலடியை எடுத்தாள். சுருதி மிக உயர்ந்து குரல் கீறிற்று. மீண்டும் தாழ்த்தி எடுத்தாள். நோயைப் பற்றியோ நாளையைப் பற்றியோ அதில் ஒரு சொல்லும் இல்லை. வைகறையைப் படைத்தவரை, சிலுவை சுமந்தவரைப் போற்றும் பாட்டு அது. அடிதோறும் பழக்கத்தால் நின்று நின்று பாடினாள். கவலை போய்விட்டதா என்று கேட்கிறீர்களா? போகவில்லை, கதவோரம் உட்கார்ந்துதான் இருந்தது. ஆயினும் அன்று அவ்வீட்டில் பேசும் உரிமை அதற்கு இல்லை. ஐந்து நாளில் முதன்முறையாக அவள் வயிறார உண்டாள்.

மறுநாள் கண்ணாடிக்கு இப்பால் நின்றாள். “நீங்க பாடச் சொன்னீங்களா? நான் வலின்னு நெனச்சு அழுதுட்டேங்க,” என்றாள். செவிலி உள்ளே சென்று அதைச் சொன்னதும், அவர் நெற்றியில் அறைந்துகொண்டார், கண்கள் சிரித்தன. அவள் மெல்லப் பாடத் தொடங்கினாள். குரல் கண்ணாடியைக் கடந்ததோ இல்லையோ, உதடுகளைப் பார்த்தே அவர் பலகையின் ஓரத்தில் தாளம் தட்டினார். ஓரடி முடிந்ததும் அவள் வழக்கம்போல் நிறுத்தி அவரைப் பார்த்தாள். அவரும் அவளைப் பார்த்தார். பிறகு சுண்ணக்கட்டியை எடுத்து, பழைய சொல்லை அழிக்காமலே, அதன்முன் இன்னும் ஓர் எழுத்தைச் சேர்த்து உயர்த்திக் காட்டினார். அவள் அடுத்த அடியைத் தானே எடுத்தாள்.

ஏழாம் நாள் விடியலில் புண்ணின் குருதிக்குழாய் உடைந்து அவர் இறந்தார். பாட்டு நோயைத் தீர்க்கும் என்று நான் எங்கும் சொல்லவில்லை. அவளும் ஆண்டவரிடம் அப்படியொரு பேரம் பேசியவளல்லள். செவிலி கற்பலகையைத் துணியில் சுற்றி அவள் கையில் கொடுத்து, “இத அழிக்காதம்மான்னு சைகை காட்டிட்டே இருந்தாருங்க,” என்றாள். ‘நீ பாடு’ என்று அதில் இருந்தது.

அடக்கத்தன்று, அவர் முகமே அறியாமல் குரலை மட்டும் அறிந்திருந்தோர் நூற்றுக்கணக்கில் வந்து நின்றனர். பாட்டைத் தொடங்க வேண்டிய நேரத்தில், இத்தனை நாள் கோவிலில் அதைத் தொடங்கி வைத்தவரே பெட்டிக்குள் கிடக்க, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். பெட்டியருகிலிருந்து குடைக்காரியின் குரல் எழுந்தது.

துன்பத்துக்கும் பாடு என்கிறோம்; இசைக்கச் சொல்வதற்கும் பாடு என்கிறோம்; வழிபாடு என்னும் சொல்லின் முடிவிலும் அதே இரண்டெழுத்தே நிற்கின்றன. எந்நேரத்தில் அதை எப்பொருளில் படிப்பது என்பதை அவள் ஒரு கண்ணாடியின்முன் நின்று கற்றாள். இன்றும் மாலையில், புதிய குரல் வண்டியின் வருகையைச் சொல்லி ஓய்ந்தபின், அவ்வீட்டில் முதலடி எழும். அடுத்து ஒருவர் பாடுமளவு நேரம் அவள் நிறுத்துவாள். பிறகு அதையும் அவளே பாடுவாள்.