முள் காட்டிய நாற்பது

பள்ளி வேன் ஓட்டுபவருக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் நாப்பது மாமா. வண்டி மணிக்கு நாற்பது கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது என்பது பள்ளிக்கூடத்தின் விதி. பதினோரு வருடமாக அவர் வேனின் முள் அந்த எண்ணைத் தாண்டியதில்லை. பின்னால் வருகிற லாரிக்காரன் ஹாரன் அடித்து அடித்துக் கை ஓய்ந்துபோவான். இவர் அசைந்து கொடுக்கமாட்டார். பேச்சும் அப்படித்தான். ஒரு கேள்வி கேட்டால், பதில் வருவதற்குள் ஒரு தெரு கடந்துவிடும்.

அப்படிப்பட்டவரை வெள்ளிக்கிழமை மாலை, கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டபோது, அதன் அம்மா வாசலில் நிறுத்தினாள். பல் டாக்டர். மகளுக்குப் புதிதாக ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கட்டியிருந்தாள். பிள்ளை எங்கே, என்ன வேகத்தில் போகிறது என்று செயற்கைக்கோள் வழியாகப் பார்த்து அது அம்மாவின் போனுக்குச் சொல்லிவிடும்.

“அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. இந்த வாரம் தினமும் நாப்பத்தி மூணுன்னு காட்டுது.”

“நான் நாப்பதத் தாண்டறதே இல்லம்மா.”

“நானும் எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லிட்டிருந்தேன்.” குரலில் கோபம் இல்லை, அதுதான் சுட்டது. “திங்கக்கிழமைலேர்ந்து பாப்பாவ நானே கூட்டிட்டுப் போய்க்கறேன்.”

ஒரு பிள்ளை வேனை விட்டு நின்றால் மற்ற வீட்டுக்காரர்கள் காரணம் கேட்பார்கள். கேட்டால் இன்னும் நாலு பேர் நிற்பார்கள். ஆனால் வீடு வந்து சேரும்வரை அவர் அதை நினைக்கவில்லை. தன்னைப் பொய்யன் என்று நினைத்துவிட்டாளே என்பதுதான் வழியெல்லாம் மனதில் ஓடியது.

சாப்பிடும்போதும் வாய் திறக்கவில்லை. மனைவி ஆஸ்பத்திரி நர்ஸ். பேசாத நோயாளிகளைப் பேசவைத்துப் பழகியவள்.

“என்னங்க, இன்னிக்கு வாய்க்கு லீவா?”

சொன்னார். பிறகு, “அந்தப் போனுதான் தப்பு. எங்கயோ மேல சுத்தறதுக்கு என் வண்டியப் பத்தி என்ன தெரியும்?” என்றார்.

“எங்க வார்டுல காய்ச்சக்காரங்க தெர்மாமீட்டரப் பாத்து இதையேதான் சொல்றாங்க.”

மறுநாள் பள்ளி விடுமுறை, அவளுக்கும் வேலை இல்லை. காலையில் இருவரும் காலி வேனில் நெடுஞ்சாலைக்குப் போனார்கள். அவள் தன் போனைக் கண்ணாடி ஓரம் சாய்த்து வைத்தாள்.

“முள்ளு?”

“நாப்பது.”

“இங்க நாப்பத்தி மூணு.”

“அதான் சொன்னேனே, போனு...”

“ரெண்டையும் விடுங்க. ரோட்டோரம் கிலோமீட்டர் கல்லு இருக்கு. என்கிட்ட செகண்ட் முள்ளு வெச்ச வாட்ச் இருக்கு. நாப்பதுல போனா ஒரு கிலோமீட்டருக்குத் தொண்ணூறு செகண்ட். நாடி பாக்கற மாதிரி பாத்துடுவோம்.”

ஒரு கல்லிலிருந்து அடுத்த கல். எண்பத்து நாலு. மறுபடியும் எண்பத்து நாலு. மூன்றாவது தடவை எண்பத்து மூன்று.

“பேஷண்டுக்குக் காய்ச்சல்தாங்க” என்றாள்.

இரண்டு கல் போயின. இருபது வருடத்தில் அவள் அவர் பதிலுக்குக் காத்திருக்கப் பழகியிருந்தாள். பிறகு அவர் வண்டியை ஓரங்கட்டி இறங்கி, பின்சக்கரத்தின் முன் குந்தி உட்கார்ந்தார்.

நாலு மாதத்துக்கு முன்பு டயர் மாற்றினார். வேகத்தடைகளில் வண்டியின் அடி இடித்துப் பிள்ளைகள் குலுங்குகிறார்கள் என்று இவர் சொன்னதற்கு, கடைக்காரர் ஒரு சைஸ் பெரிதாகப் போட்டுவிட்டார். இவரும் சரி என்றார். பெரிய சக்கரம் ஒரு சுற்றுக்குக் கூடுதல் தூரம் உருளும். முள்ளுக்கு அது தெரியாது. பழைய சக்கரத்தின் கணக்கையே காட்டிக்கொண்டிருக்கும்.

“நாலு மாசமா வேகமாத்தான் போயிருக்கேன்.”

“தெரிஞ்சா போனீங்க? பேசாம பழைய சைஸையே மாட்டிட்டு, பாப்பாவோட வாட்சுதான் கோளாறுன்னு சொல்லிடுங்களேன்.” அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

அவர் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

“அந்தம்மா கிளினிக் எத்தனை மணி வரைக்கும்?”

கிளினிக்கில் ஒரு பெரியவர் வாய் நிறையப் பஞ்சுடன் நாற்காலியில் சாய்ந்திருந்தார். வேன்காரர் கதவருகிலேயே நின்று, ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். அவர் வாழ்நாளில் பேசிய மிக நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

டாக்டர் முகமூடியை இறக்கினாள்.

“என் கார்ல முள்ளு அறுபது காட்டினா, போன் அம்பத்தாறுதான் காட்டும். எல்லா வண்டியிலயும் முள்ளு நெஜத்த விடக் கூடத்தான் காட்டும்னு நெனச்சேன். போன்லயே நாப்பத்தி மூணுன்னா உங்க முள்ளு நாப்பத்தாறுல நின்னிருக்கணும். அதப் பாத்துக்கிட்டே எங்கிட்ட நாப்பதுங்கறீங்களேன்னுதான் மனசு விட்டுப்போச்சுண்ணே.”

“பழைய டயர்ல இதுவும் கூடத்தான் காட்டியிருக்கும். முன்னாடியெல்லாம் முள்ளு நாப்பதுன்னாலும் நெஜத்துல முப்பத்தேழுலதான் போயிருப்பேன் போல.”

“ஓ, அதான் அப்பல்லாம் பாப்பா பெல் அடிக்கறப்ப போய்ச் சேந்தாளா!” அவள் சிரித்துவிட்டாள். நாற்காலிக்காரரும் ஏதோ சொல்ல முயன்றார். “நீங்க வாயை மூடாதீங்க சார்.”

“சரியான டயர் வர பத்து நாள் ஆகும். அதுவரைக்கும் முள்ள முப்பத்தேழுலயே நிறுத்திக்கறேன், அப்பதான் நெஜத்துல நாப்பது. மத்த வீட்டுலயும் நானே சொல்லிடறேன்” என்றார் வேன்காரர்.

அவள் மறுபடி கையுறையைச் சரிசெய்துகொண்டாள்.

“அப்போ திங்கக்கிழமை பாப்பாவ எத்தனை மணிக்கு வாசல்ல நிறுத்தட்டும்? ஏழரைதானே?”

அவர் யோசித்தார். டாக்டர் காத்திருந்தாள். வாயைத் திறந்தபடியே பெரியவரும் காத்திருந்தார்.

“ஏழு இருபத்தெட்டு.”